கலப்பை ஏன் மேலே ஏறவில்லை?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய நண்பர்கள் பெரிய பெரிய விஷயங்களைச் சொன்னார்கள். ஒருவர் ரோபோவைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் மின்சாரக் காரைப் பற்றிப் பேசினார். நான் சேற்றிலிருந்து வந்தவன். இயந்திரவியல் படித்துவிட்டு, முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தஞ்சாவூர்ப் பக்கம் டிராக்டர் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறேன். "நீ என்னப்பா பேசப் போறே?" என்று செயலாளர் கேட்டார். "எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். கலப்பை ஏன் மேலே ஏறலைன்னு பேசறேன்" என்றேன். சிரித்துவிட்டு, இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார்.

என்னிடம் வரும் பழைய டிராக்டர்களில் பெரும்பாலானவை "ஐட்ராலிக் தூக்க மாட்டேங்குது சார்" என்ற ஒரே புகாரோடுதான் வருகின்றன. இந்த ஒரு வாக்கியத்துக்குள் பத்து விதமான நோய்கள் இருக்கின்றன. எந்த நோய் என்று கேட்காமலே மூடியைக் கழற்றுவதுதான் நம் ஊர்ப் பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. கழற்றும் முன் கேட்க வேண்டிய கேள்விகளை உங்களிடம் சொல்லிவிட்டுப் போகவே வந்திருக்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு

டிராக்டர் வந்த காலத்தில் கலப்பை என்பது வண்டியின் பின்னால் சங்கிலி போட்டு இழுக்கிற தனிச் சாமான். வரப்பு ஓரம் வந்தால் கயிற்றை இழுக்க வேண்டும். கலப்பையின் சக்கரமே அதை மேலே தூக்கிவிடும். கலப்பை ஒரு பாறையில் மாட்டிக்கொண்டால் வண்டியின் முன்பக்கம் எழும்பி, ஓட்டுபவர் மேலேயே கவிழ்ந்துவிடும். அப்படிப் பலர் இறந்திருக்கிறார்கள்.

அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி ஃபெர்குசன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். 1884இல் பிறந்தவர்; 1909இல் தானே விமானம் கட்டி ஓட்டியவர். முதல் உலகப் போர்க் காலத்தில் டிராக்டர் உழவை மேற்பார்வையிடும் வேலை அவருக்குக் கிடைத்தது. கலப்பையையும் வண்டியையும் ஒரே உடம்பாக்க வேண்டும் என்று அப்போது அவருக்குத் தோன்றியது. கீழே இரண்டு கை, மேலே ஒரு கை என்று மூன்று இடத்தில் கலப்பையை மாட்டி, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கினார். 1936இல் அவருடைய வண்டி விற்பனைக்கு வந்தது. 1938இல் ஹென்றி ஃபோர்டுடன் கைகுலுக்கியே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். மறு வருஷம் ஃபோர்டு 9என் வந்தது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் தயாரான டி.இ.20 ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அந்த வழியில் வந்ததுதான் 35 என்ற வண்டி. 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் மூலம் சென்னைக்கும் அந்தப் பரம்பரை வந்து சேர்ந்தது. இன்று எந்த நிறுவனத்தின் டிராக்டரைப் பார்த்தாலும் பின்னால் அந்த மூன்று கைகளும் இருக்கும்.

அவர் செய்த முக்கியமான வேலை தூக்கியது மட்டுமல்ல. மண் கடினமானால் கலப்பை மேல் கையை, அதாவது டாப் லிங்க்கை, முன்னால் தள்ளும். அந்தத் தள்ளல் ஒரு பெரிய ஸ்பிரிங்கை அமுக்கும். ஸ்பிரிங் வால்வை நகர்த்தும். கலப்பை தானாகவே கொஞ்சம் மேலே வரும். மண் இளகினால் மறுபடி இறங்கும். இதைத்தான் டிராஃப்ட் கன்ட்ரோல் என்கிறோம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; முதல் கேள்விக்கு இது தேவைப்படும்.

இன்னொன்று, அழுத்தத்தின் பலம். சிலிண்டர் 75 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு சுமார் 44 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தம் என்றால், பிஸ்டன் மேல் 6,600 கிலோ தள்ளல். ஒரு விரல் லீவரை அசைத்தால் ஆறரை டன். இந்தக் கணக்கைக் கல்லூரியில் எல்லோரும் போட்டிருப்போம். வயலில் அதன் அருகே நிற்கும்போதுதான் அதன் அர்த்தம் புரியும்.

முதல் கேள்வி: இது லிப்ட் கோளாறுதானா?

"கலப்பை சரியா வேலை செய்யலை" என்று வருகிறவர்களில் கணிசமானவர்களுக்கு லிப்டில் ஒரு குறையும் இருக்காது.

"மண்ணில இறங்க மாட்டேங்குது" என்பார்கள். தம்பிகளே, இந்த லிப்ட் தூக்கத்தான் செய்யும், கீழே அமுக்காது. கலப்பை இறங்குவது அதன் எடையாலும் கொழு மண்ணைக் கடிக்கும் கோணத்தாலும். கொழு தேய்ந்து மொட்டையாகியிருந்தால் இறங்காது. டாப் லிங்க் நீளமாக இருந்தால் கொழுவின் மூக்கு மேலே பார்க்கும், இறங்காது. டாப் லிங்க்கை இரண்டு சுற்றுக் குறைத்துப் பாருங்கள். கோடையில் காய்ந்து கிடக்கும் களிமண் என்றால் எந்த வண்டியும் திணறத்தான் செய்யும்.

"உழும்போது தானா மேல மேல வருது" என்பார்கள். ஓட்டுபவர் டிராஃப்ட் லீவரில் வைத்து ஓட்டிக்கொண்டிருப்பார். மண் கடினமான இடத்தில் அது மேலே வருவதுதான் அதன் வேலை. எந்த லீவர் எதற்கு என்று சொல்லிக் கொடுத்தால் போதும், வைத்தியம் முடிந்தது.

டி.இ.20 போன்ற மிகப் பழைய வண்டிகளில் பி.டி.ஓ. லீவரைப் போட்டால்தான் பம்பே சுற்றும். அது தெரியாமல் புதிதாக வண்டி வாங்கியவர் லிப்ட் செத்துவிட்டது என்று நினைப்பார். பழைய 35 குதிரைசக்தி வண்டியில் அதன் தகுதிக்கு மீறிய பெரிய ரோட்டவேட்டரை மாட்டிவிட்டு "தூக்கலை" என்று சொல்பவர்களும் உண்டு. இந்த நோய்களுக்கெல்லாம் ஸ்பேனரே வேண்டாம்.

இரண்டாவது கேள்வி: எண்ணெய் எப்படி இருக்கிறது?

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, லிப்டை முழுசாக இறக்கிவிட்டு, டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அளவு குறைவா? நிரப்புங்கள். பாதிக் கதை அங்கேயே முடியும்.

அளவு சரி, நிறம்? பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நம் டெல்டாவில் இது சர்வசாதாரணம். இரும்புச் சக்கரம் மாட்டித் தொளி அடிக்கும்போது பின் அச்சு வரை தண்ணீரில் நிற்கும். அச்சு சீல் தேய்ந்திருந்தால் உள்ளே போகும். கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் மழைத்தண்ணீர் அந்த வழியாகப் போகும். பழைய ஃபெர்குசன் பரம்பரை வண்டிகளில் கியர் பெட்டி, டிபரன்ஷியல், ஐட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். ஆகவே தண்ணீர் புகுந்தால் மூன்றும் கெடும். கியர் தேய்ந்த இரும்புத்தூளும் பம்புக்குத்தான் வந்து சேரும்.

எண்ணெயில் நுரை இருந்தால் காற்று புகுந்திருக்கிறது. வெளியே கியர் பம்பு பொருத்திய வண்டிகளில் இது அதிகம், பம்பு ஊளையிடும். உறிஞ்சும் பக்கத்து இணைப்பில் ஓ-ரிங் போயிருக்கும். அங்கே எண்ணெய் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால் கண்ணில் படாது. வண்டி ஓடும்போது சந்தேகமான இணைப்பின் மேல் கெட்டி கிரீஸை அப்பிப் பாருங்கள். சத்தம் அடங்கினால் இடம் அதுதான்.

கடைசியாக வடிகட்டி. அதை எப்போது கழற்றிக் கழுவினீர்கள் என்று கேட்டால், "அப்படி ஒண்ணு இருக்கா?" என்று திருப்பிக் கேட்கிறவர்கள்தான் அதிகம்.

மூன்றாவது கேள்வி: எப்போது தூக்கவில்லை?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. செலவே இல்லாமல் கிடைக்கும் பதில் இதில்தான் அதிகம்.

"காலையில நல்லாத் தூக்குது, பதினோரு மணிக்கு மேல தூக்கலை." எண்ணெய் சூடாகி நீர்த்துப்போனதும், தேய்ந்த இடைவெளி வழியே ஒழுகுகிறது. பிஸ்டன் ரிங், பம்பு, வால்வு ஆகியவற்றில் எங்கோ தேய்மானம்.

"காலையில முரண்டு பண்ணுது, ஓடி ஓடிச் சூடானதும் தூக்குது." இது நேர்மாறு. கெட்டியான எண்ணெயைப் பம்பால் உறிஞ்ச முடியவில்லை. தவறான எண்ணெய் ஊற்றியிருக்கலாம், அல்லது வடிகட்டி அடைத்திருக்கலாம்.

"வெறும் கை ஏறுது, கலப்பை மாட்டினா ஏறலை." எண்ணெய் வருகிறது, அழுத்தம் வரவில்லை. ரிலீப் வால்வு, பம்பு, ரிங், சீல் இவற்றைச் சந்தேகப்படுங்கள்.

"வெறும் கைகூட ஏறலை." எண்ணெயே வரவில்லை. பம்பு சுற்றுகிறதா, வடிகட்டி முழுசாக அடைத்ததா, லீவருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இணைப்பு கழன்றதா என்று பாருங்கள்.

"உச்சிக்குப் போனதும் கத்துது." ரிலீப் வால்வு திறக்கிறது. பம்பு நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. லீவரின் நிறுத்தம் சரியாக அமைக்கப்படாததால், கை மேலே முட்டிய பிறகும் பம்பு தள்ளிக்கொண்டே இருக்கிறது.

இங்கே ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன், குறுவை உழவு மும்முரமாக இருந்த ஜூன் மாதம். மேட்டூர் தண்ணீர் வந்துவிட்டது. வாடகைக்கு உழுது பிழைக்கிற ஒருவர் வந்தார். பழைய வண்டி. "அண்ணே, பம்பு போயிடுச்சுன்னு ஒரு பட்டறையில சொல்லிட்டாங்க. புதுசு மாத்தணுமாம். சம்சாரத்தோட சங்கிலியை வெச்சுத்தான் பணம் கொண்டாந்திருக்கேன்" என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "போன மாசம் லிப்டைப் பிரிச்சு ரிங் மாத்தினாங்க. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மெதுவாகி, இப்ப காலையில சுத்தமா தூக்கலை. மத்தியானம் லேசா தூக்குது" என்றார்.

காலையில் இல்லை, மத்தியானம் உண்டு. எனக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. எண்ணெயை வடித்து வடிகட்டியைக் கழற்றினோம். வலை தெரியவே இல்லை. காட்டன் வேஸ்ட்டின் நூல் பிசிறும் தண்ணீர் கலந்த எண்ணெயின் வழவழப்பும் சேர்ந்து கம்பளி மாதிரி மூடியிருந்தது. ரிங் மாற்றியபோது உள்பாகத்தைக் காட்டன் வேஸ்ட்டால் துடைத்திருக்கிறார்கள். கழுவி, புது எண்ணெய் ஊற்றி, கியர் லீவர் ரப்பரையும் மாற்றினோம். அன்று சாயங்காலமே கலப்பை ஏறியது. அந்தச் சங்கிலி வீட்டுக்குத் திரும்பிப் போனதா என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் அந்த அம்மாவே ஒரு தூக்கில் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நான்காவது கேள்வி: தூக்கியது நிற்கிறதா?

கலப்பையைத் தூக்கி, எஞ்சினை நிறுத்துங்கள். தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒரு குச்சியை நட்டுச் சாக்பீஸால் கோடு போடுங்கள். விலகி நின்று கடிகாரத்தைப் பாருங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் அது வயசான வண்டிக்கு இயல்பு. சில நிமிஷங்களிலேயே தரைக்கு வந்துவிட்டால் உள்ளே கசிவு இருக்கிறது.

எஞ்சின் ஓடும்போது இதே கசிவு வேறு முகம் காட்டும். கலப்பை கொஞ்சம் இறங்கும், வால்வு திறக்கும், பம்பு மறுபடி தூக்கும். ஆடு தலையாட்டுவது போல ஆடிக்கொண்டே இருக்கும். நிமிஷத்துக்கு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணுங்கள். அதிகம் ஆடினால் கசிவு அதிகம்.

பக்கவாட்டில் பார்வை மூடி இருக்கும் வண்டிகளில், எண்ணெயைக் கொஞ்சம் வடித்துவிட்டு அந்த மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்க்கலாம். பாரம் தொங்கும்போது எண்ணெய் எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்ணால் காணலாம். சிலிண்டர் பக்கமா, குழாய் இணைப்பு சீலா, பம்பின் பக்கமா? கையை மட்டும் உள்ளே விடக்கூடாது.

ஐந்தாவது கேள்வி: அளவுமானி என்ன சொல்கிறது?

இதுவரை கண்ணாலும் காதாலும் பார்த்தோம். இனி அழுத்த அளவுமானியை மாட்டுங்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் ரிலீப் வால்வு சதுர சென்டிமீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை உள்ள ஓர் அளவில் திறக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை அதன் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முள் அந்த அளவைத் தொட்டும் கலப்பை ஏறவில்லை என்றால் பம்பைத் தொடாதீர்கள். பாரம் அதிகம், அல்லது கைகளோ தண்டோ இறுகிக் கிடக்கிறது. முள் தொடவில்லை என்றால் பம்பு, ரிலீப் வால்வு, சிலிண்டர் இந்த மூன்றில் ஒன்று. சிலிண்டருக்குப் போகும் வழியை அடைத்து, பம்பை மட்டும் தனியாகச் சோதித்தால் அதுவும் பிரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. "வாஷர் ஒண்ணு போட்டு ஸ்பிரிங்கை டைட் பண்ணிட்டா தூக்கும்" என்று ரிலீப் வால்வில் கைவைப்பவர்கள் இருக்கிறார்கள். தூக்கும்தான். ஒருநாள் வார்ப்பு வெடிக்கும், அல்லது பம்பின் தண்டு ஒடியும். அந்த வால்வு வண்டிக்கு உயிர்க்காப்பு.

இந்த ஐந்து கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பிறகே மேல்மூடியைக் கழற்றுங்கள். கழற்றும் முன் வெளியே உள்ள சேற்றை முழுசாகக் கழுவுங்கள். பாகங்களை டீசலில் கழுவி, பிசிறு விடாத துணியால் துடையுங்கள். ஓ-ரிங் பத்து ரூபாய் சாமான்தானே என்று கிடைத்ததைப் போடாதீர்கள். அளவும் ரப்பரும் சரியாக இல்லாவிட்டால், அதற்காகவே மறுபடி முழு மூடியையும் கழற்ற வேண்டியிருக்கும்.

உயிர் விஷயம்

தம்பி தங்கைகளே, மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பையன், தூக்கி நிறுத்திய கொத்துக் கலப்பைக்கு அடியில் படுத்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தான். எஞ்சின் நின்றுதான் இருந்தது. சீட்டில் ஏறிய இன்னொருவர் பிடிமானத்துக்காக லீவரைப் பிடித்தார். அவ்வளவுதான். எஞ்சின் ஓடாவிட்டாலும் லீவரை அசைத்தால் கலப்பை விழும்; எண்ணெய் வெளியேற வழி கிடைத்தால் போதும். அந்தப் பையனுக்கு வயது பத்தொன்பது. உங்களில் பலருக்கு இருக்கும் வயது.

ஆகவே மூன்று விதிகள். ஒன்று, தூக்கிய கலப்பைக்கு அடியில் எவரும் போகக்கூடாது. போக வேண்டுமானால் கனமான மரக்கட்டை அண்டைக் கொடுத்து, பாரத்தைக் கட்டை மேல் இறக்கிய பிறகுதான். இரண்டு, எந்தக் குழாயைக் கழற்றுவதானாலும் முதலில் கலப்பையைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரை மேலும் கீழும் ஆட்டி அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். மூன்று, கசிவை விரலால் தடவித் தேடக்கூடாது. ஊசித் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். உள்ளே கையே அழுகிவிடும். ஓர் அட்டையைக் காட்டிப் பாருங்கள். அப்படி எண்ணெய் ஏறிவிட்டால் வலிக்கவில்லை என்று வீட்டுக்குப் போகாமல், உடனே அறுவைசிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள்

இந்த வண்டிகள் பழையவை என்று ஒதுக்கிவிட முடியாது. நாற்பது வருஷ வண்டிகள் இன்றும் எங்கள் பக்கம் உழுதுகொண்டிருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் புது வண்டி வாங்க முடியாதவர்கள். அவர்கள் பட்டறைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீட்டில் ஏதோ ஒன்றை அடகு வைத்து வந்த ரூபாய். முதலில் கேட்டுவிட்டுப் பிறகு கழற்றுகிற ஒரு மெக்கானிக் ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும்.

நம் பட்டறைக் கூடத்தில் எஞ்சினின் வெட்டுத்தோற்ற மாதிரி இருக்கிறது. லிப்டுக்கு இல்லை. பழைய இரும்புக் கடையில் ஒரு லிப்ட் ஹவுசிங்கைத் தேடி வாங்கி, வெட்டி, பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து வைப்பது என் பொறுப்பு. அதற்கு ஓர் அளவுமானியும் நல்ல ஒரு மேஜையும் வாங்கித் தரும் பொறுப்பை, வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் நண்பர்கள் ஏற்றுக்கொண்டால் மகிழ்வேன். முன்வரிசையில் இரண்டு பேர் கை தூக்கிவிட்டார்கள். செயலாளர் அவர்கள் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும்.